படித்ததையே படிப்பானேன்?

"ஒரு தரம் வாசித்து முடித்த புஸ்தகத்தை மறுபடியும் வாசிப்பானேன்?" என்று கேட்கிறவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். நம்முடன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிக்கும் நண்பர் அவர்களில் ஒருவர். அவர் நல்ல வாசகர். மாதத்திற்கு நான்கு புஸ்தகங்களுக்குக் குறையாமல் வாசித்துத் தள்ளுகிறவர். வாசித்த ஒவ்வொன்றையும் வரிசை எண் போட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். ஒரே புஸ்தகத்தை இரண்டாம் முறை வாசித்தால் அதற்குப் புது எண் கொடுக்க வழியில்லையாகையால், அவருடைய சாஸ்திரப்படி அது வாசிப்பே ஆகாது. "ஆயுளோ சொற்பம், வாசிக்க வேண்டியதோ சமுத்திரம்" என்பது அவர் கட்சி.

கட்சி பலமானதுதான். ஆனால் இதே நண்பர் நேற்றுச் சாப்பிட்ட மிளகு ரசத்தை இன்றும் சாப்பிடுகிறார். மாதந்தோறும் திருச்செந்தூருக்குப் போய் வருகிறார். போன மாதம் தரிசித்த முருகனைத்தானே இந்த மாதமும் தரிசித்தீர் என்று அவரை ஒருவரும் மடக்குவதில்லை. கச்சேரியில் கல்யாணி ராகத்தை எடுத்ததும், "இதைத்தான் கேட்டாயிற்றே!" என்று எழுந்து போகிறவரைக் கண்டவர் உண்டா? புஸ்தகத்திற்கு மட்டும் ஏன் இந்த அநியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். திரும்ப வாசிப்பதெல்லாம் ஒரே ஜாதியல்ல. நாம் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதித்து வருகிறோம். ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் நான்கு பிரிவுகளுக்கு நடத்த வேண்டியிருக்கிறது. நான்காம் பிரிவுக்குப் போகும்போது ஹாஸ்யம் எந்த வரியில் வருமென்பது நமக்கு மனப்பாடம். பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்பே நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. இது வயிற்றுக்காக வாசிப்பது. நாம் சொல்ல வந்தது வேறு. வீட்டில் எல்லாரும் படுத்த பின், மனத்தில் ஏதோ சரியில்லாத ஓர் இரவில், யாரும் ஏவாமலே கை தானாக நீண்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய புஸ்தகத்தை எடுக்கிறதே, அந்த வாசிப்பைத்தான் சொல்கிறோம். அப்போது புது விஷயம் ஒன்றும் நமக்கு வேண்டியதில்லை. புது விஷயங்கள்தாம் அன்று பகல் முழுவதும் நம்மை வாட்டி வைத்திருக்கின்றனவே!

மேல் நாட்டில் கிப்ளிங் என்ற ஆசிரியர் இருந்தார். நம் தேசத்தாரைப் பற்றி அவர் எழுதியவற்றில் பல நமக்கு ருசிப்பதில்லை, அது நிற்க. முதல் உலக யுத்தத்தில், 1915-ஆம் வருஷம், அவருடைய ஒரே மகன் போர்க்களத்தில் மாண்டான். உடல் கூடக் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அவர் தம் மனைவிக்கும் மகளுக்கும் இரவு வேளைகளில் ஜேன் ஆஸ்டினுடைய நாவல்களை உரக்க வாசித்துக் காட்டினாராம். அந்த அம்மாள் இறந்து அப்போதே நூறு வருஷமாகிவிட்டது. அவருடைய கதைகளில் யுத்தமில்லை, சாவு மிகக் குறைவு. எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்பதுதான் விவகாரம். அந்த விவகாரமும் நல்லபடியாகவே முடியுமென்று முன்கூட்டியே தெரியும். மகனைப் பறிகொடுத்த வீட்டிற்கு அதுவே தேவையாக இருந்தது போலும். பிற்பாடு 1924-ல் கிப்ளிங் ஒரு சிறுகதை எழுதினார். அதில் பீரங்கிப் படையைச் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்கள் அந்த நாவல்களை ஒரு ரகசிய மந்திரம் போல் பாவித்துக் கொள்கிறார்கள்.

தூரத்து உதாரணத்தைச் சொல்லி நம் கடற்கரையை மறந்துவிடக் கூடாது. முத்துக் குளித்த கரை இது. சென்ற தலைமுறைப் பெரியவர்களிடம் கேட்டால் கடலுக்கடியிலுள்ள 'பார்'களின் பெயர்களைத் தெருப் பெயர்களைப் போல் சொல்வார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் சிப்பிகள் படிந்து வளரும் திட்டுக்களுக்குப் பார் என்று பெயர். ஒரு பாரில் சிப்பி விளைந்து முற்றச் சில வருஷங்கள் செல்லும். விளைந்ததா என்று சோதித்துப் பார்த்த பிறகே சலாபம் கூறுவார்கள். குளித்த பாரைச் சில காலம் சும்மா விட்டுவிட்டு மறுபடியும் அதே இடத்தில் இறங்குவார்கள். இடம் அதேதான், சிப்பி வேறு. நம் நாட்டுக் கரையில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ஆம் வருஷம். அதற்கப்புறம் பார்கள் பலிக்கவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பியைப் பழக்கி முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலில் இறங்குகிற காட்சி போனது போனதுதான். நம் கணக்கு நண்பரிடம் இந்தப் பார் விவகாரத்தை ஒரு நாள் விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். "புஸ்தகத்தில் சிப்பி வளருமா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார். புஸ்தகத்தில் வளராது, வாசிக்கிறவனிடத்தில் வளரும் என்ற பதில் நமக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அப்படி இறங்கின மனிதர்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா? சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' என்னும் மந்திரக்காரருக்குச் சர்க்காரே சம்பளம் கொடுத்து வந்த காலமும் உண்டு. அதற்கும் முந்தி, பதினாறாம் நூற்றாண்டில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயலில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கேசியப் பாதிரியார் வாழ்ந்தார். அவர் தமிழ் கற்று, தமிழில் எழுதி, தமிழை அச்சிலும் ஏற்றினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அது எல்லாரும் அறிந்தது. நமக்கு அதைக் காட்டிலும் பிரியமானது 1586-ல் வெளிவந்த 'அடியார் வரலாறு'. பெரிய புஸ்தகம். அச்சுச் செலவுக்கு இந்தக் கரையிலுள்ள பரதவர்களே பொருள் உதவினார்கள். வருஷத்தின் திருநாள்களை அனுசரித்து அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரங்களைச் சொல்வது அது. அதாவது, ஒரு முறை வாசித்து மூடி வைப்பதற்காக எழுதப்பட்டதன்று. அந்தந்தத் திருநாள் வரும்போது அந்தந்தக் கதை திரும்ப வரும். அடுத்த வருஷமும் வரும். சரித்திரம் தெரிந்த பண்டிதர்கள் அதன் எழுத்தையும் அச்சையும் கண்டு வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆயினும், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரும் வரையில் கரையில் காத்திருந்த ஒரு ஸ்திரீ, சென்ற வருஷம் கேட்ட அதே கதையை இந்த வருஷமும் யாரோ வாசிக்கக் கேட்டுக் கொண்டிருந்திருப்பாளே என்பதுதான் நம் மனத்தில் முதலில் எழுகிறது. அந்நூல் வத்திக்கான் நூல் நிலையத்தில் அகப்பட்டு, இராசமாணிக்கம் அடிகளால் பதிப்பிக்கப்பட்டு, 1967-ல் மீண்டும் வெளிவந்தது, தூத்துக்குடியிலிருந்தே.

இந்த ஊரில் இருந்துகொண்டு புஸ்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையை விட்டுவிட முடியாது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். 1908-ல் ராஜத் துவேஷக் குற்றம் சாட்டப்பட்டு இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். இவ்வளவையும் நம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். அதே சிறைவாசத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பற்றிப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்றொருவர் இருந்தார். தகப்பனார் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போன இடத்தில் இறந்துவிட, பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். 1903-ல் அவர் 'ஆஸ் எ மேன் திங்கெத்' என்ற ஒரு சின்னஞ்சிறு நூலை வெளியிட்டார். ஒரு மாலைப் பொழுதில் வாசித்து முடித்துவிடலாம். சிதம்பரம் பிள்ளை அதை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1909-ல் அது வெளிவந்தது. மொழிபெயர்ப்புச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை மெதுவான வாசிப்பு என்று. ஒரு வாக்கியத்தை நான்கு தரம் வாசிக்காமல் எழுத முடியாது. எழுதியதை நான்கு தரம் அடிக்காமல் மேலே போக முடியாது. ஒரு மாலைப் புஸ்தகம் மாதக் கணக்கில் கூட இருக்கும். பகலில் உடம்பைச் சிறைக்குக் கொடுத்துவிட்ட ஒரு மனிதருக்கு அப்படிப்பட்ட துணை எப்படி இருந்திருக்கும்!

நாம் மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறோம். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: ஆலனுடைய சித்தாந்தம் முழுவதையும் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனிதனுடைய நிலைமை அவனுடைய நினைவிலிருந்தே விளைகிறது என்பது அவர் கட்சி. சொகுசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாசிக்கிறவனுக்கு இது இனிக்கலாம். செக்கில் பூட்டப்பட்டவனிடம் போய், "உன் நிலைமைக்கு உன் நினைவே காரணம்" என்றால் அது கொடுமையல்லவா? சிதம்பரம் பிள்ளையைச் செக்கில் பூட்டியது அவருடைய நினைவன்று, அந்நிய சர்க்கார். அப்படியிருக்க அந்த நூலில் அவர் என்ன ஆறுதலைக் கண்டார்?

இதைப் பற்றி நாம் வெகு நாள் யோசித்ததுண்டு. நமக்குத் தோன்றுவது இதுதான். வெளியே கம்பெனி சிதைந்து கொண்டிருந்தது, கப்பல்கள் கைமாறின, குடும்பம் தவித்தது. அதில் ஒன்றையும் சிறைக்குள்ளிருந்து அவரால் நிறுத்த முடியாது. அவர் ஆட்சிக்கு உட்பட்டதாக மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, அவருடைய மனம். ஆலனுடைய நூல் அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வார்டருடைய சாவிக் கொத்தில் அந்த அறைக்குச் சாவி கிடையாது. நாற்காலியில் சாய்ந்திருப்பவனுக்குச் சொல்லப்பட்டால் கர்வத்தை வளர்க்கும் அதே வார்த்தை, எல்லாவற்றையும் இழந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாக இருந்திருக்கலாம். ஆறுதல் தரும் புஸ்தகம் என்றால் இனிப்பாக இருக்க வேண்டுமென்று நாம் எண்ணுவது சரியில்லை. சிலருக்குக் கஷாயமே ஆறுதல்.

அவர் அதோடு விட்டாரா? 1912 டிசம்பரில் விடுதலையானார். 1914-ல் ஆலனுடைய இன்னொரு நூலை 'அகமே புறம்' என்று வெளியிட்டார். அதன் பின்பு சென்னையிலும் கோவையிலும் வறுமையோடு மல்லுக்கட்டினார். பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தார். 1934-ல், அவருக்கு அறுபது கடந்த பிறகு, 'சாந்திக்கு மார்க்கம்' வெளிவந்தது. மூலம் யாருடையது? அதே ஜேம்ஸ் ஆலனுடையதுதான்! முதல் மொழிபெயர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தைந்து வருஷம். செக்கடியில் துணை இருந்தவரை அவர் மறக்கவில்லை. திருக்குறளிடத்திலும் இப்படியே. கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்குச் சொல்லி வந்த நீதிகளைக் குறளின் வழியிலேயே 125 அதிகாரங்களாக்கி 'மெய்யறம்' என்று 1914-ல் வெளியிட்டார். 1917-ல் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். 1935-ல் அறத்துப்பாலுக்குத் தாமே உரை எழுதினார். மறு வருஷம் நவம்பரில் காலமானார். நம் கணக்கு நண்பருடைய நோட்டில் இவருடைய வாசிப்புக்கு எத்தனை எண் விழும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக் கொள்கிறோம்.

இத்தனை பெரியவர்களைச் சொன்ன பிறகு நம் சொந்த வீட்டை இழுப்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதத் தூண்டியதே நம் வீட்டில் நடந்த சங்கதிதான்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஜில்லாவில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். எங்கள் தெருவில் தண்ணீர் நான்கு நாள் நின்றது, வீட்டுக்குள் இடுப்பளவு. தாயாரையும் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றி, அரிசியையும் மருந்தையும் ஏற்றி, பின்பு புஸ்தகங்களை நினைத்தபோது கீழ்த்தட்டுக்கள் மூன்றும் மூழ்கியிருந்தன. தண்ணீர் வடிந்த பின் மொட்டை மாடியில் அவற்றைப் பரப்பினோம். நனைந்த புஸ்தகம் ஊதிப் போய், முதுகு வெடித்து, பக்கங்கள் அப்பளம் போல் ஒட்டிக்கொள்கிறது. அந்த நாற்றம் மாதக் கணக்கில் போகவில்லை. கடைசியில் பழைய பேப்பர்க்காரர் வந்தார். "ஈரத்துக்கு எடை கழிக்கணும், அண்ணாச்சி" என்று நியாயமாகவே பேசினார். முந்நூறு புஸ்தகங்களுக்கு மேல் போயின.

ஒரு வேடிக்கை: அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் கூட ஒரு மாதத்திற்குப் பின் நினைவுக்கு வரவில்லை. 'அடடா, அது போயிற்றே!' என்று நெஞ்சு பதறியது ஏழெட்டுக்குத்தான். எல்லாம் நாம் பல தடவை வாசித்தவை.

தாயாருடைய 'பொன்னியின் செல்வன்' அவற்றில் முதன்மையானது. 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் தொடராக வந்தபோது எங்கள் பாட்டியார் இதழ் இதழாகக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தது. ஐந்து பாகமும் ஒன்றாகக் கூழாகிவிட்டது. நாட்டுடைமையான நூலாகையால் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று புதிய பதிப்பை வாங்கி வந்து கொடுத்தோம். தாயார் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே பல்பொடி விளம்பரம் இல்லையே!" என்றார்கள். மணியத்தின் சித்திரங்களுக்கும் கதைக்கும் நடுவே வந்த பழைய விளம்பரங்களையும் அவர்கள் அறுபது வருஷமாக விடாமல் வாசித்து வந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. எழுபத்தைந்து வயது; கண்ணில் புரை; எழுத்துத் தெரிவதில்லை. எனவே இரவில் நாம் வாசித்துக் காட்டுகிறோம். வீரநாராயண ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் வருவதிலிருந்து ஆரம்பித்தோம். களைப்பில் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், "அங்கே ஒண்ணு விட்டுட்டியே ஐயா" என்று குரல் வருகிறது. புஸ்தகம்தான் வெள்ளத்தில் போயிற்று. வரி ஒன்றும் போகவில்லை.

தகப்பனாருடைய புஸ்தகம் பிழைத்துக்கொண்டது. அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், அதிகம் பேசாதவர். அவரிடமிருந்தது 'மனம் போல வாழ்வு'; அட்டை போன பழைய பிரதி. முதல் பக்கத்தில் பேனா மையில் எழுதியிருந்த அவர் பெயர் கரைந்து நீல மேகமாகிவிட்டது. ஆனால் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சில தேதிகள் இருந்தன. பென்சில் எழுத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. வெயிலில் வைத்து ஒவ்வோர் ஏடாகப் பிரித்தபோதுதான் அதைக் கண்டோம். மொத்தம் ஒன்பது தேதிகள். வாசித்து முடித்த நாட்கள் போலும்.

ஒவ்வொன்றாகக் கணக்கிட்டோம். ஒன்று, பாட்டனார் இறந்து காரியம் முடிந்த மறு வாரம். ஒன்று, பருவம் தப்பிப் பெய்த மழையில் பாத்தியிலிருந்த உப்பெல்லாம் கரைந்து, முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்த மாதம். ஒன்று, நமக்கு எட்டு வயதில் விஷ ஜுரம் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். அன்றிரவு கட்டிலருகில் விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு அவர் எதையோ வாசித்துக் கொண்டிருந்தது நமக்கு மங்கலாக நினைவிருக்கிறது. இப்படி ஆறேழு தேதிகளுக்குக் காரணம் அகப்பட்டது. 1993-ஆம் வருஷத்தில் மட்டும் மூன்று வாரத்திற்குள் இரண்டு தேதிகள். அந்த வருஷம் என்ன நடந்தது? நமக்கு ஒன்றும் நினைவில்லை. தாயாரிடம் கேட்டோம். அவர்கள் வெகு நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"அந்த வருஷம் ஒண்ணும் நடக்கலியே ஐயா. நல்லாத்தானே இருந்தோம்" என்றார்கள். பிறகு வெகு நேரம் பேசவில்லை. அன்று கதை வாசிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

புஸ்தகத்தைப் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்கினோம். அவர் ஓரங்களைச் சமமாக வெட்டப் போனார். கடைசிப் பக்கத்தை வெட்ட வேண்டாம் என்று பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டோம். இப்போது அது மேல் தட்டில், தாயாருடைய புதுப் பதிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழ்த்தட்டில் அகராதிகளையும், பள்ளிக்கூடக் காகிதங்களையும், நம் கணக்கு நண்பர் ஒரு தரம் வாசித்து முடித்து நமக்கு அன்பளிப்பாகத் தந்த புஸ்தகங்களையும் வைத்திருக்கிறோம்.